செப்பு கண் திறக்கும் இருபது விநாடி

நுவரெலியாக் குளிரில் அப்பமா இலேசில் பொங்காது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியசை ஒட்டித்தான். கொழும்பில் ஓர் இரவுக்குள் சட்டியைத் தாண்டி வழியும் மா, இங்கே விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். அதனால்தான் தோட்டத்து வீடுகளில் மாச்சட்டியைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைக்கிறார்கள். மா பொங்கினால்தான் அப்பத்தில் கண் விழும். கண் விழாத அப்பத்துக்கும் அரிசிமா ரொட்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்தக் கண்களை யாரும் ஊசியால் குத்தி வைப்பதில்லை. மாவில் சேர்த்த ஈஸ்ட், அல்லது கள், அதிலுள்ள சீனியைத் தின்று காபனீரொட்சைட்டு வாயுவை விடுகிறது. சூடேறிய அப்பச்சட்டியில் மாவை ஊற்றிச் சுழற்றியதும் குமிழிகள் பெருத்து மேலே வருகின்றன. அதே கணத்தில் அவற்றைச் சுற்றியுள்ள மா வெந்து இறுகுகிறது. குமிழி உடைந்து போய்விடும். அது இருந்த இடம் கண்ணாக நின்றுவிடும். வாயு வெளியேறுவதும் சுவர் இறுகுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நெருப்புக் குறைந்தால் குமிழிகள் போன பின்னும் மா இளகியே கிடந்து துளைகளை மூடிக்கொள்ளும். நெருப்புக் கூடினால் குமிழி வளரும் முன்பே தோல் பிடித்துவிடும். அப்பம் சுடத் தெரிந்தவர் என்று நாம் சொல்வது இந்த இரண்டையும் ஒரே கணத்தில் சந்திக்க வைக்கத் தெரிந்தவரைத்தான்.

உலோகத்தில் மிகச் சிறிய துளைகளை வேண்டிய அளவில் உண்டாக்கும் ஒரு முறை இதே விதியில் இயங்குகிறது. அதற்குப் பெயர் மின்படிவு. உப்புக் கரைசலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, கரைந்திருக்கும் உலோக அயன்களைத் திண்ம உலோகமாக ஒரு தகட்டின் மீது படியவைப்பது. பித்தளை விளக்குக்கு வெள்ளிப் பூச்சுப் பூசுவதும் மின்படிவுதான். ஆனால் பூச்சுப் பூசுகிறவர் துளை விழக்கூடாது என்று பாடுபடுவார். இங்கே துளைதான் வேண்டும். அதிலும் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், ஒன்றோடொன்று எப்படி இணைந்தது என்பதெல்லாம் நம் கையில் இருக்கவேண்டும்.

துளை எதற்கு? இரசாயனத் தாக்கம் உலோகத்தின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. உள்ளே புதைந்திருக்கும் அணுக்களுக்கு அதில் பங்கில்லை. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள செப்புக் கனக்கட்டிக்கு ஆறு சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு. அதே செப்பை 10 நனோமீற்றர் பக்கமுள்ள துணுக்குகளாக வெட்டிவிட்டால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர் ஆகும். செப்பு கூடவில்லை, வேலை செய்யும் இடம்தான் பல இலட்சம் மடங்கு பெருகியது. ஆனால் துணுக்குகளை அப்படியே குவித்து வைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பவற்றிடம் கரைசலும் போகாது, மின்னோட்டமும் சரியாகப் போகாது. எனவே துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கவேண்டும், இடையே வழியும் இருக்கவேண்டும். அந்த வழிகளைத்தான் துளைமை என்கிறோம்.

நான் செப்பை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தேயிலை மலைக்குச் செப்பு புதியதல்ல. 1946 இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது கொழுந்தைக் காப்பாற்றியவை செப்பு கலந்த பூஞ்சணக்கொல்லிகள். தலவாக்கலை சென். கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் அந்தப் போராட்டம் பெரிய அத்தியாயம். அதற்கு முன்பும் செப்பு இங்கே இருந்தது. அரைத்த கொழுந்து கறுப்புத் தேயிலையாக நிறம் மாறுவதற்குக் காரணமான நொதியத்தின் மையத்தில் இருப்பவை செப்பு அயன்கள்தாம். நுவரெலியாத் தேநீரின் நிறத்தில் செப்புக்குப் பங்கிருக்கிறது.

சரி, சட்டியை அடுப்பில் வைப்போம்.

பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை நினைவிருக்கும். மயில்துத்தம் என்று ஊரில் சொல்லும் செப்புச் சல்பேற்றின் நீலக் கரைசல். அதில் இரண்டு செப்புத் தகடுகள். மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்தது அனோட்டு, மறைமுனையோடு இணைத்தது கதோட்டு. கதோட்டுக்கு வரும் ஒவ்வொரு செப்பு அயனும் இரண்டு இலத்திரன்களை வாங்கிக்கொண்டு செப்பு அணுவாகி அங்கேயே உட்காரும். எவ்வளவு மின்னேற்றம் சென்றதோ அதற்கேற்ற அளவு உலோகம் படியும் என்பதை மைக்கல் பரடே 1830களிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். 96,485 கூலோம் என்பது ஒரு மோல் இலத்திரனின் மின்னேற்றம். செப்புக்கு அதில் இரண்டு பங்கு வேண்டும்.

மின்னோட்டத்தைக் குறைவாக வைத்தால் செப்பு நெருக்கமாகவும் ஒழுங்காகவும் படியும். தட்டையான, நல்ல நிறமுள்ள படலம். துளை இருக்காது. சிறு நெருப்பில், புளிக்காத மாவை ஊற்றியதற்குச் சமம் இது. வாயுவே இல்லாத இடத்தில் கண் எப்படி விழும்?

இப்போது மின்னோட்டத்தைக் கூட்டுங்கள். கதோட்டை ஒட்டியிருக்கும் செப்பு அயன்கள் வேகமாகத் தீர்ந்துபோகும். புதிய அயன்கள் தூரத்திலிருந்து பரவி வந்து சேரவேண்டும், அதற்கு நேரமாகும். கலக்காத கரைசலில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் சில பத்து மில்லி அம்பியர் அளவுக்கு மேல் செப்பு அயன்களால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் மின்வழங்கி விடாது, இலத்திரன்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றை வாங்கிக்கொள்ள வேறொருவர் வேண்டும். கரைசலில் சல்பூரிக்கமிலம் சேர்த்திருந்தால் ஐதரசன் அயன்கள் ஏராளம். அவை இலத்திரனை வாங்கி ஐதரசன் வாயுவாகின்றன. கதோட்டில் குமிழிகள் கிளம்புகின்றன. மா புளித்துவிட்டது.

செப்பு இந்த வேலைக்கு நன்றாக ஒத்துழைக்கும் உலோகம் என்பதற்கு இங்கே ஒரு காரணம் தெரிகிறது. செப்பின் நியம மின்வாய் அழுத்தம் ஐதரசனை விட 0.34 வோல்ற்று உயர்ந்தது. ஆகவே குறைந்த மின்னோட்டத்தில் செப்பு மட்டுமே படியும், ஐதரசன் எட்டிப் பார்க்காது. வாயு வேண்டுமா வேண்டாமா என்பதை நாம் தெளிவாகத் தீர்மானிக்கலாம். நிக்கலில் இந்த வசதி கிடையாது. அதன் அழுத்தம் ஐதரசனை விடக் கீழே இருப்பதால், நிக்கல் படியும்போதெல்லாம் ஐதரசனும் கூடவே வரப் பார்க்கும்.

2003 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாத் தொழினுட்ப நிறுவனத்தில் ஹியோன்-சோல் ஷின், ஜியான் டொங், மெய்லின் லியூ என்ற மூவர் இந்தக் குமிழிகளைக் குற்றமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அச்சாகப் பயன்படுத்தினார்கள். செறிந்த சல்பூரிக்கமிலம் கலந்த செப்புச் சல்பேற்றுக் கரைசலில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அம்பியர் கணக்கில் மின்னோட்டம் கொடுத்தார்கள். பூச்சு வேலையில் கொடுப்பதை விட நூறு மடங்களவு அது. நேரம் சில விநாடிகள். கதோட்டிலிருந்து ஐதரசன் குமிழிகள் இடைவிடாமல் எழுந்தன. குமிழி இருக்கும் இடத்தில் கரைசல் இல்லை, ஆகவே அங்கே செப்பும் படியாது. குமிழிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் மட்டும் செப்பு ஏறிக்கொண்டே போனது. வாயு போய்விட்டது. எஞ்சியது கண் கண்ணாகப் பூத்த செப்பு. அதே முறையில் வெள்ளீயத்திலும் செய்து காட்டினார்கள்.

அந்தச் செப்பை நேரே பார்த்தால் செப்பு என்றே தோன்றாது. மினுக்கம் போய், கருஞ்செம்பழுப்பாக இருக்கும். விழுந்த ஒளி துளைகளுக்குள் அகப்பட்டுத் திரும்பாததால் வரும் நிறம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டு வகைத் துளைகள் தெரியும். குமிழிகள் விட்டுச்சென்ற பெரிய கண்கள் பத்துக் கணக்கான மைக்ரோமீற்றர் அகலமுள்ளவை. அந்தக் கண்களைச் சுற்றியுள்ள சுவர்களும் முழுத் திண்மம் அல்ல. செப்பு அயன்கள் போதாமல், கிடைத்த முனையில் கிடைத்த அணு ஒட்டி, கிளை கிளையாக வளர்ந்த சுவர்கள் அவை. கிளைகளின் இடையே மைக்ரோமீற்றரிலும் குறைந்த இடைவெளிகள். கிளைகளை ஆக்கியிருப்பவை நனோ அளவுச் செப்பு மணிகள். பெரிய கண் வழியாகக் கரைசல் தாராளமாக உள்ளே போகிறது, சிறிய இடைவெளிகளில் வேலை நடக்கிறது. ஒரே வகைத் துளை மட்டும் இருந்தால் இந்த வசதி கிடைக்காது. இந்த முறையை நான் மெச்சுவது இதற்காகத்தான்: ஒரே வார்ப்பில் வீதியும் கிடைத்துவிடுகிறது, வீடும் கிடைத்துவிடுகிறது.

பெரிய கண்கள் அடியில் சிறிதாகவும் மேலே அகலமாகவும் இருக்கும். தகட்டில் பிறந்த சின்னக் குமிழிகள் மேலேறும்போது பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து பெரிதாகிவிடுகின்றன. படிவு வளர வளர அது சந்திக்கும் குமிழியும் பெரிது. எனவே நேரம்தான் முதல் கைப்பிடி: ஐந்து விநாடியில் நிறுத்தினால் மேல் முகத்துக் கண் சிறிது, இருபது விநாடி விட்டால் பெரிது. சட்டியிலிருந்து எடுக்கும் கணத்தை அப்பக்காரர் தவறவிடாததுபோல, மின்சுற்றைத் துண்டிக்கும் கணத்தையும் தவறவிடக் கூடாது.

அடுத்தது மாவின் பதம், அதாவது கரைசலில் எவ்வளவு செப்பு, எவ்வளவு அமிலம் என்பது. செப்பு அதிகமானால் சுவர் தடிக்கும், கண் ஒடுங்கும். அமிலம் அதிகமானால் வாயு அதிகம், சுவர் மெலியும். எல்லை மீறினால் சுவர் தன்னையே தாங்காமல் தண்ணீரில் அலசும்போதே உதிர்ந்துவிடும். அப்பமா நீர்த்துப்போனால் ஓரம் சட்டியிலேயே ஒட்டிக்கொண்டு கிழிவது நமக்குத் தெரியாததா?

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது, சேர்மானம். அப்பமாவில் கடைசியில் விடும் தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் அளவில் சிறியவை, ஆனால் அப்பத்தின் குணத்தையே மாற்றுகின்றன. மின்படிவிலும் அப்படித்தான். குளோரைட்டு அயன், சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே குளோரைட்டு, ஐதரோகுளோரிக்கமிலமாகச் சிறிதளவு சேர்க்கப்பட்டால் செப்பு படியும் வேகமும் விதமும் மாறுகின்றன. சுவர்க் கிளைகள் மிகச் சிறியவையாகவும் நெருக்கமாகவும் ஆகிச் சுவர் உறுதிப்படுகிறது. அசற்றிக்கமிலம், அதாவது வினாகிரியின் அமிலம், வேறு இடத்தில் கைவைக்கிறது. அது குமிழிகள் ஒன்றோடொன்று சேர்வதைக் குறைக்கிறது, ஆகவே பெரிய கண்கள் சிறிதாகின்றன. சவர்க்காரத்தின் இனத்தைச் சேர்ந்த பரப்புச் செயலிகளும் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்கின்றன. ஒரு சேர்மானம் சுவரைத் திருத்துகிறது, மற்றொன்று கண்ணைத் திருத்துகிறது. இரண்டையும் தனித்தனியே மாற்ற முடிகிறது என்பதே இந்தத் துறையின் பெரிய பலம். துளை விழுகிறது என்ற நிலையிலிருந்து, சொன்ன துளை விழுகிறது என்ற நிலைக்கு ஆய்வாளர்கள் வந்தது இதனால்தான்.

மின்னோட்டத்தை விட்டு விட்டுக் கொடுப்பதும் உண்டு. கொடுக்கும் நேரத்தில் படிவு நடக்கும். நிறுத்திய நேரத்தில் குமிழிகள் விலகிப் போகும், தீர்ந்த அயன்கள் வந்து நிரம்பும். கொஞ்ச நேரம் கொடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால் படிவு சீராகும்.

இனி ஒரு கணக்கு. இதை மலைநாட்டு மாணவர்கள் தங்கள் ஊருக்கே உரிய கணக்காக எடுத்துக்கொள்ளலாம். ஒரு சதுர சென்ரிமீற்றர் கதோட்டில் 3 அம்பியர், 20 விநாடி: மொத்தம் 60 கூலோம். அது முழுவதும் செப்புக்கே போனால் ஏறத்தாழ 20 மில்லிகிராம் படியும். முழுவதும் ஐதரசனுக்கே போனால் கொழும்பில் ஏழரை மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடிய வாயு கிடைக்கும். உண்மையில் இரண்டுக்கும் பங்கு பிரியும். ஆனால் நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அமுக்கம் குறைந்தால் அதே அளவு வாயு அதிக இடம் பிடிக்கும். குளிரால் சிறிது சுருங்குவதையும் கழித்துவிட்டால்கூட, அங்கே அந்த ஐதரசன் ஒன்பது மில்லிலீற்றருக்கு மேல் வரும். குளிர் இன்னொன்றும் செய்கிறது. 28 பாகையில் இருக்கும் தண்ணீரை விட 16 பாகைத் தண்ணீர் பிசுக்குமை கூடியது. அயன்கள் அதனூடே பரவும் வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். எனவே கதோட்டருகே செப்பு சீக்கிரமே தீரும், மின்னோட்டத்தில் வாயுவின் பங்கு கூடும். அதே செய்முறை, அதே கரைசல், அதே மின்வழங்கி. ஆனால் கொழும்பில் எடுத்த படிவும் நுவரெலியாவில் எடுத்த படிவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அப்பமாவைக் கீழ்நாட்டுப் பக்குவத்தில் மலையில் வைக்க முடியாதது போலவே, இந்தக் கரைசலையும் வெப்பநிலை பார்க்காமல் வைக்க முடியாது.

அப்பம் இதுவரைதான் துணைக்கு வரும். சட்டியில் ஊற்றிய மா முழுவதும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நெருப்பு அதை இறுக வைக்கிறது, அவ்வளவே. மின்படிவில் சுவர் ஆகப்போகும் செப்பு முன்கூட்டியே அங்கே இல்லை. அது அணு அணுவாக வெளியிலிருந்து வந்து சேர்கிறது. இன்னொரு வேறுபாடு அதைவிட முக்கியம்: அப்பத்தில் வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட், சுவரை இறுக்குவது நெருப்பு, இரண்டும் தனித்தனி. இங்கே வாயுவையும் சுவரையும் ஒரே மின்னோட்டம் உண்டாக்குகிறது. ஒன்றைக் கூட்டாமல் மற்றதைக் கூட்ட நினைத்தால் கரைசலைத்தான் மாற்றவேண்டும்.

குமிழியால் வரும் கண் எவ்வளவு சிறுத்தாலும் மைக்ரோமீற்றர்க் கணக்குக்குக் கீழே போவது கடினம். ஒரே ஒரு நனோத் துணிக்கையின் உடம்பிலேயே துளை வேண்டுமென்றால் வாயு உதவாது. அதற்கு வேறு வழியை 1997 இல் இங்கிலாந்தின் சௌதாம்ரன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் அற்றாட், பிலிப் பாட்லெற் ஆகியோரும் அவர்களது குழுவினரும் காட்டினார்கள். பரப்புச் செயலி மூலக்கூறுகளை மிகச் செறிவாகத் தண்ணீரில் கலந்தால் அவை தாமாகவே ஒரே தடிப்புள்ள நீண்ட உருளைகளாகத் திரண்டு, வரிசை பிசகாமல் அடுக்கிக்கொள்ளும். உருளைகளுக்கு இடையே இருக்கும் தண்ணீரில் பிளாற்றின அயன்கள். மின்னோட்டம் கொடுத்தால் பிளாற்றினம் அந்த இடைவெளிகளை நிரப்பியபடி படிகிறது. பிறகு கழுவிவிட்டால் உருளைகள் கரைந்து போய், அவை இருந்த இடம் துளையாகும். துளையின் அகலம் இரண்டு மூன்று நனோமீற்றர். நீண்ட வாலுள்ள மூலக்கூறை எடுத்தால் துளை அகலும். எப்தேன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை உருளைக்குள் ஊறவிட்டால் இன்னும் அகலும். இங்கே ஐதரசன் குமிழி வரவே கூடாது, வந்தால் அடுக்கு குலைந்துவிடும். ஆகவே மின்னழுத்தத்தை மிகக் கவனமாக எல்லைக்குள் வைத்திருப்பார்கள்.

யப்பானில் யூசுக்கே யமவுச்சியின் குழு இதை மேலும் கொண்டுபோனது. பல்பகுதியத்தால் ஆன பெரிய மைசல்களை, அதாவது மூலக்கூறுகள் தாமாகத் திரண்ட உருண்டைகளை, அச்சாக வைத்து, சில பத்து நனோமீற்றர்த் துளைகளுள்ள தங்கப் படலங்களை மின்படிவால் உண்டாக்கி 2015 இல் வெளியிட்டார்கள். படலமாக அல்லாமல் தனித்தனித் துணிக்கையாக வேண்டுமானால் தொடக்கக் கணம் முக்கியம். முதலில் ஒரு நொடிப்பொழுது உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் தகடெங்கும் எண்ணற்ற முளைகள் ஒரே நேரத்தில் தோன்றும். உடனே குறைத்துவிட்டால் புதிய முளை வராது, இருப்பவை மட்டும் ஒரே சீராக வளரும். எத்தனை முளை என்பதை முதல் அழுத்தமும், எவ்வளவு பருமன் என்பதை இரண்டாவது அழுத்தமும் தீர்மானிக்கின்றன.

துளைமை கூடக் கூட நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மிக ஒடுங்கிய, மிக ஆழமான துளையின் அடிவரை கரைசல் புதுப்பிக்கப்படாது. அந்த மேற்பரப்பு கணக்கில் இருக்கும், வேலையில் இருக்காது. வாயு உண்டாகும் தாக்கம் என்றால் குமிழிகளே துளைக்குள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய செப்புச் சுவர் வளிபட்டால் விரைவில் ஒட்சியேறும். எந்த வேலைக்கு என்று தெரியாமல் துளைமையைத் தீர்மானிக்கவே முடியாது. இலிதியம் மின்கலத்தில் வெள்ளீயத்தை வைத்தால், இலிதியம் புகும்போது அது மூன்று மடங்குக்கும் மேல் பருக்கும். துளைகள் இருந்தால் பருப்பதற்கு இடம் கிடைக்கும், தகடு வெடிக்காது. அங்கே வேண்டியது வெற்றிடம். நீரை மின்பகுத்து ஐதரசன் எடுக்கும் நிக்கல் மின்வாயில் வேண்டியது குமிழி தங்காமல் ஓடிவிடும் அகன்ற கண்.

நம் நாட்டுக்கு மிக அருகில் இருக்கும் பயன் ஒன்று உண்டு. செப்பின் மேற்பரப்பு நைத்திரேற்று அயனை எளிதில் தாழ்த்தும். ஆகவே தண்ணீரில் எவ்வளவு நைத்திரேற்று இருக்கிறது என்று அளக்கச் செப்பு மின்வாய் உதவும். மேற்பரப்பு கூடினால் சமிக்கை கூடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகளில் இது நெடுநாள் பிரச்சினை. மலையில் சரிவெங்கும் தேயிலைக்கு யூரியா போடுகிறோம், சரிவின் கீழே பீலித் தண்ணீரைக் குடிக்கிறோம். பீலித் தண்ணீரை அடிக்கடி, மலிவாக, அந்தந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு கருவி இருப்பது தோட்டத்து மக்களின் உரிமை என்றே நான் கருதுகிறேன். துளைச்செப்பு மின்வாய் அந்தக் கருவியின் இதயமாக இருக்கக்கூடியது. அதற்கு விலையுயர்ந்த மூலப்பொருளும் வேண்டாம், வெற்றிட இயந்திரமும் வேண்டாம்.

மின்படிவு நமக்கு அந்நியமான கலையும் அல்ல. களனிப் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. சிறிபாலவும் ஜே.ஆர்.பி. ஜயக்கொடியும் 1986 இல் மின்படிவால் உண்டாக்கிய செப்பு ஒட்சைட்டுப் படலத்தில், அதுவரை வழக்கமாகப் பீ-வகைக் குறைகடத்தியாகவே காணப்பட்ட பொருளில், என்-வகை இயல்பைக் கண்டு வெளியிட்டார்கள். கரைசலின் தன்மையை மாற்றினால் படிவின் மின்னியல்பே மாறுகிறது என்ற அந்தப் பாடத்தை உலகெங்கும் சூரியக்கல ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், மலையகத்தார் பலரின் முன்னோர் புறப்பட்டு வந்த சீமையிலேயே, காரைக்குடியில் இந்தியாவின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, தைப்பொங்கலன்று அது திறக்கப்பட்டது. மின்படிவு அங்கே தொடக்கத்திலிருந்தே முக்கியத் துறை.

மின்சாரம் என்றால் அது மலையிலேயே பிறக்கிறது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்த டி.ஜே. விமலசுரேந்திர கண்ட கனவு, 1950 இல் லக்சபானவாக நிறைவேறியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் அடியில் தோட்டங்கள் மூழ்கின. 2012 இல் தலவாக்கலையில் மேல்கொத்மலையும் இயங்கத் தொடங்கியது. தீவுக்கு மின்னோட்டம் தரும் மலை இது. அந்த மின்னோட்டம் உலோகத்தை எப்படி வளர்க்கிறது என்பதை மலையின் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில், தங்கள் பாடசாலையிலேயே கண்ணால் பார்க்கவேண்டும். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. விஞ்ஞானப் பிரிவுக்கு நம் பிள்ளைகள் பட்ட பாடும் படும் பாடும் ஊரறிந்தது.

ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பாடசாலைகளில் இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்பில் செப்பு மின்பகுப்பைச் செய்துகாட்டும் அன்று, வழக்கமான மெல்லிய படலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு செப்புத் தகட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றரை மட்டும் விட்டு மற்ற இடத்தை நகப்பூச்சால் மூடிவிடுங்கள். அமிலத்தை நீங்களே கலக்குங்கள், எப்போதும் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றியே. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். யன்னல்களைத் திறந்து வையுங்கள், அருகே சுடர் எதுவும் வேண்டாம். ஐதரசன் கொஞ்சம்தான் என்றாலும் அது ஐதரசன். ஒரு தகட்டுக்கு 5 விநாடி, இன்னொன்றுக்கு 20 விநாடி. மெதுவாகத் தண்ணீரில் அலசிக் காயவிட்டு, மேலிருந்து ஒளி விழும்படி நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். இரண்டு தகடுகளின் கண்களையும் மாணவர்களே அளந்து எழுதட்டும். அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் ஒன்று, வெயில்காலத்தில் ஒன்று என்று செய்தால் ஒப்பிடவும் கிடைக்கும். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதை வீட்டு அடுப்படியில் செய்யவே வேண்டாம். மிஞ்சிய நீலக் கரைசலைக் கானிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள், செப்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. பெயர் எழுதி ஒட்டிய போத்தலில் மூடி வையுங்கள். அடுத்த வகுப்புக்கும் அதே கரைசலைப் பயன்படுத்தலாம்.